பனைக்கு உரம் போட்டுப் பார்ப்பது: ஈரல் மருந்துச் சோதனைகள் ஏன் இவ்வளவு இழுக்கின்றன?

பாளையங்கோட்டை மார்க்கெட் பக்கம் அரிசிக் கடை வைத்திருக்கும் அண்ணாச்சி போன மாசம் ஒரு ஸ்கேன் ரிப்போர்ட்டைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார். வயதில் என்னைவிட இளையவர்தான். ஆனாலும் எங்கள் ஊரில் கடை வைத்தவர் எல்லோரும் அண்ணாச்சிதான். வேறு எதற்கோ எடுத்த ஸ்கேன். கடைசி வரியில் 'கிரேடு 1 ஃபேட்டி லிவர்' என்று போட்டிருந்தது. நான் டாக்டர் இல்லை, கல்லூரியில் புள்ளியியல் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவன். இருந்தாலும் எங்கள் தெருவில் இங்கிலீஷில் அச்சடித்த எந்தத் தாளும் முதலில் என் வீட்டுத் திண்ணைக்குத்தான் வரும்.

டாக்டர் மாத்திரை எதுவும் எழுதவில்லை. எடையைக் குறைக்கவும் நடக்கவும் சொல்லி அனுப்பிவிட்டார். அண்ணாச்சிக்கு அதுதான் குறை. "கொரோனாவுக்கு ஒரே வருசத்துல ஊசி கண்டுபுடிச்சாங்கல்லா சார்? ஈரலுக்கு ஒரு மாத்திரை கண்டுபுடிக்கதுக்கு இவங்களுக்கு என்ன வந்துச்சு?"

கேள்வி சரியானதுதான். மருந்து தயாரிப்பதில் உள்ள சிரமம் ஒரு பக்கம் இருக்கட்டும். தயாரித்த மருந்து வேலை செய்கிறதா என்று தெரிந்துகொள்வதில் இருக்கும் சிரமம் அதைவிடப் பெரியது, அது என் பாடத்துக்குள் வருவது. அதனால் அதை மட்டும் சொல்கிறேன்.

ஆள் கணக்கு அல்ல

அவர் சொன்ன கொரோனா ஊசியையே எடுத்துக்கொள்வோம். ஃபைசர் நிறுவனத்தின் பெரிய சோதனை 2020 ஜூலையில் தொடங்கியது, நவம்பரில் முடிவு வந்துவிட்டது. சேர்ந்தவர்கள் சுமார் 43,000 பேர். அந்த எண்ணைப் பார்த்து ஊரே வாயைப் பிளந்தது. என் கண் வேறொரு எண்ணில் நின்றது: 170. அத்தனை பேரில், இரண்டாவது ஊசி போட்டு ஒரு வாரத்துக்குப் பிறகு நோய் அறிகுறி வந்து கொரோனா என்று உறுதியானவர்கள் அவ்வளவுதான். அதில் 162 பேர் மருந்தில்லாத வெற்று ஊசி போட்டவர்கள், 8 பேர் நிஜ ஊசி போட்டவர்கள். தீர்ப்பைச் சொன்னவர்கள் இந்த 170 பேர். மீதி 42,000 சொச்சம் பேர் அந்த 170 நடப்பதற்காகக் காத்திருந்தவர்கள்.

மருந்துச் சோதனையின் உயிர்நாடி இதுதான். எத்தனை பேர் சேர்ந்தார்கள் என்பதைவிட எத்தனை பேருக்கு 'அது' நடந்தது என்பதே முக்கியம். கொரோனா காட்டுத்தீ மாதிரி பரவிக்கொண்டிருந்ததால் சில மாதத்தில் 170 பேருக்கு நடந்துவிட்டது. ஈரல் விஷயத்தில் 'அது' நடக்க எத்தனை நாளாகும்?

ஈரலுக்கு அடிபட்டால் அது தன்னைத் தானே ஒட்டுப்போட்டுக்கொள்ளும். கொழுப்பு, சாராயம், ஹெபடைடிஸ் கிருமி, காரணம் எதுவாக இருந்தாலும் அடி தொடர்ந்து விழுந்துகொண்டே இருந்தால், ஒட்டு போட்ட இடமெல்லாம் தழும்பாகும். இந்தத் தழும்புக்குத்தான் ஃபைப்ரோசிஸ் என்று பெயர். டாக்டர்கள் இதைப் பூஜ்யத்திலிருந்து 4 வரை படி போட்டு வைத்திருக்கிறார்கள். 4 என்றால் சிரோசிஸ்: ஈரல் முழுக்கத் தழும்பு ஓடி, முடிச்சு முடிச்சாகிவிட்ட நிலை. கொழுப்பு ஈரல்காரர்களுக்குக் குறிப்பிட்ட இடைவெளியில் இரண்டு முறை ஈரல் சதை எடுத்துப் பார்த்த பல ஆய்வுகளை ஒன்றுசேர்த்து 2015-இல் ஒரு கணக்கு வெளிவந்தது. வெறும் கொழுப்பு மட்டும் இருந்தால் ஒரு படி ஏறச் சராசரியாக 14 வருடம், கொழுப்போடு அழற்சியும் சேர்ந்திருந்தால் 7 வருடம் ஆகிறது.

ஒரே ஒரு படிக்குத்தான் இந்தக் கணக்கு.

அம்பாசமுத்திரம் நெல் ஆராய்ச்சி நிலையத்தில் உருவான அம்பை 16 ரகம் நூற்றுப் பத்துப் பதினைந்து நாளில் அறுப்புக்கு வந்துவிடும். புது உரம் நல்லதா கெட்டதா என்று பார்க்க வேண்டுமானால், கார் பருவத்தில் ஒரு தடவை, பிசானப் பருவத்தில் ஒரு தடவை போட்டுப் பார்த்து, ஒரே வருடத்தில் சொல்லிவிடலாம். அதே உரத்தைத் திசையன்விளைப் பக்கம் தேரி மண்ணில் பனங்கொட்டைக்குப் போட்டுப் பாருங்கள். நுங்கு வெட்டப் பதினைந்து இருபது வருடம் ஆகும். அதற்குள் உரக் கம்பெனி இருக்குமா, நிலம் கைமாறாமல் இருக்குமா, போட்டவரே இருப்பாரா? ஈரல் நோய் பனை ஜாதி.

காசைச் சுண்டிப் பார்த்தால்

இப்போது கொஞ்சம் கணக்கு. பயப்பட வேண்டாம், கூட்டல் கழித்தல்தான்.

ஒரு பேச்சுக்கு, ஓரளவு முற்றிய ஈரல் நோய் உள்ள 100 பேரில் வருடத்துக்கு 2 பேருக்கு ஏதாவது பெரிய விபரீதம் நடக்கிறது என்று வைத்துக்கொள்வோம். புது மருந்து அதில் கால்வாசியைத் தடுக்கிறது என்றும் வைத்துக்கொள்வோம். நிஜத்தில் கால்வாசி தடுத்தாலே அது நல்ல மருந்து. 1,000 பேரைச் சேர்த்து, 500 பேருக்கு மருந்து, 500 பேருக்கு வெற்று மாத்திரை என்று 2 வருடம் கொடுக்கிறோம். வெற்று மாத்திரைப் பக்கம் 20 பேருக்கு விபரீதம், மருந்துப் பக்கம் 15 பேருக்கு.

20-க்கு 15. மருந்து ஜெயித்துவிட்டதா? ஒரு ரூபாய்க் காசை 35 தடவை சுண்டுங்கள். 20 தலை, 15 பூ விழுந்தால் காசில் கோளாறு என்று யாராவது சொல்வார்களா? மாட்டார்கள். அது சாதாரணமாக விழக்கூடியதுதான். அதே மாதிரி இந்த 20-க்கு 15-ம் குருட்டு யோகமாக இருக்கலாம். மருந்து உண்மையிலேயே வேலை செய்திருந்தும் சோதனை கையை விரித்துவிடும்.

காசின் மேல் சந்தேகப்பட எவ்வளவு வேண்டும்? கால்வாசி தடுக்கும் மருந்தை ஐந்தில் நான்கு தடவையாவது சரியாகக் கண்டுபிடிக்க வேண்டும் என்றால், வழக்கமான சூத்திரப்படி மொத்தம் 380 விபரீதங்கள் நடந்தாக வேண்டும். அப்போது ஒரு பக்கம் ஏறக்குறைய 217, மறுபக்கம் 163 என்று பிரியும். 380 சுண்டலில் 217 தலை விழுந்தால் நானே அந்தக் காசை வாங்கித் திருப்பிப் பார்ப்பேன். சரி, வருடத்துக்கு நூற்றுக்கு இரண்டு என்ற வேகத்தில் 380 சேர எத்தனை பேர் வேண்டும்? 4,300 பேரை 5 வருடம் வைத்திருக்க வேண்டும், ஒருவர்கூட இடையில் நழுவாமல். கொரோனாச் சோதனைக்கு 170 போதும், ஏனென்றால் அங்கே வித்தியாசம் 162-க்கு 8. மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம் அது, கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம். ஈரல் மருந்துகளில் அப்படிப்பட்ட வித்தியாசம் அபூர்வம்.

'விபரீதம்' என்று பொதுவாகச் சொல்லிவிட்டேன். ஈரல் ரொம்பவும் பொறுமைசாலி. வலிக்காது, முனகாது. சிரோசிஸ் வந்த பிறகும் பல வருடம் வேலையை ஒப்பேற்றிக்கொண்டிருக்கும். அப்புறம் ஒரு நாள் வயிற்றில் நீர் கோக்கும். பழைய ஆட்கள் மகோதரம் என்பார்கள். இல்லையென்றால் உணவுக்குழாய் ரத்தநாளம் வெடித்து ரத்த வாந்தி வரும், அல்லது புத்தி தடுமாறும். 2006-இல் வந்த ஒரு பெரிய தொகுப்பின்படி, தாக்குப்பிடிக்கும் கட்டத்தில் இருந்த சிரோசிஸ்காரர்களில் பாதிப் பேர் 12 வருடத்துக்கு மேல் உயிரோடு இருந்தார்கள். தாக்குப்பிடிக்க முடியாத கட்டம் வந்த பிறகு அது சுமார் 2 வருடமாகச் சுருங்கிவிடுகிறது. சோதனை எண்ண வேண்டியது இந்தத் திருப்பத்தைத்தான். நீண்ட அமைதி, பிறகு திடீர் சரிவு.

இதில் ஒரு சிக்கல் ஒளிந்திருக்கிறது. கொழுப்பு ஈரல் உள்ளவர்களுக்குப் பெரும்பாலும் சர்க்கரையும் பிரஷரும் கூடவே இருக்கும். இவர்களை அதிகம் கொண்டுபோவது மாரடைப்பும் பக்கவாதமும்தான், ஈரல் அல்ல. ஈரலுக்கு மருந்து கொடுத்துவிட்டு ஈரலில் என்ன நடக்கிறது என்று காத்திருக்கும்போது இதயம் முந்திக்கொள்கிறது. நாம் பார்க்க வந்த பந்தயம் முடிவதற்குள் மைதானத்தையே மூடிவிட்ட மாதிரி.

குத்தூசியில் வந்த அரிசி

இவ்வளவு காலம் யாராலும் காத்திருக்க முடியாது. அதனால் குறுக்குவழி ஒன்றைக் கண்டுபிடித்தார்கள். விபரீதத்துக்குப் பதிலாக, விபரீதத்துக்கு முன்னறிவிப்பாக வரும் ஒன்றை அளப்பது. இதைப் பதிலி என்று சொல்லலாம். கொழுப்பு ஈரலில் அந்தப் பதிலி பயாப்சி: விலாவுக்கு நடுவே ஊசியை விட்டு ஈரலில் ஒரு துளி சதை எடுத்து, தழும்புப் படி குறைந்ததா என்று பார்ப்பது. ஐந்து வருட வேலை ஒன்று, ஒன்றரை வருடத்தில் முடிகிறது.

இதை அண்ணாச்சிக்குச் சொல்லச் சிரமப்படவே இல்லை. கடையில் உட்கார்ந்துதான் பேசிக்கொண்டிருந்தோம். பிரிக்காத மூட்டையைக் கேட்கும் ஆளிடம் அவர் குத்தூசியை எடுத்து, சாக்கின் ஓரத்தில் சரிவாகக் குத்தி, உள்ளங்கையில் கொஞ்சம் அரிசியைச் சரித்துக் காட்டுவார். வாங்க வந்தவர் நொய் இருக்கிறதா, கருப்பு இருக்கிறதா என்று விரலால் கிளறிப் பார்ப்பார். பயாப்சியும் அதுதான். ஆனால் ஊசி எடுக்கும் சதை மொத்த ஈரலில் 50,000-த்தில் ஒரு பங்கு. அவர் கடையில் இப்போது 26 கிலோ மூட்டைதான் அதிகம், 25 கிலோவுக்கு ஜி.எஸ்.டி. வந்ததிலிருந்து ஒரு கிலோ கூட்டிவிட்டார்கள். அதில் 50,000-த்தில் ஒரு பங்கு என்றால் அரை கிராம். எண்ணிப் பார்த்தால் இருபத்தைந்து முப்பது அரிசி மணி.

"முப்பது அரிசிய வச்சு மூட்டைக்கு வெல சொல்லுதாங்களா?" என்றார் அண்ணாச்சி. அவர் தொழிலில் அது அடுக்காது. சந்தேகம் வந்தால் அவர் மேலே, நடுவே, அடியில் என்று மூன்று இடத்தில் குத்துவார். ஈரலை அப்படிக் குத்த முடியாது. வலி, ரத்தக்கசிவு என்று ஒவ்வொரு குத்துக்கும் விலை உண்டு.

தழும்பு ஈரல் முழுக்க ஒரே சீராகப் பரவுவதில்லை. சோதனை தொடங்கும்போது தழும்பு அதிகமான இடத்தில் ஊசி போய், ஒரு வருடம் கழித்துக் குறைவான இடத்தில் போனால், மருந்தே சாப்பிடாதவருக்கும் 'குணம்' என்று எழுதவேண்டி வரும். அதோடு, ஒரே கண்ணாடித் தகட்டை இரண்டு நிபுணர்கள் பார்த்தால் ஒருவர் 2 என்பார், இன்னொருவர் 3 என்பார். அதனால் இப்போதெல்லாம் இரண்டு மூன்று பேரைப் பார்க்கச் சொல்லி அப்புறம்தான் தீர்மானிக்கிறார்கள்.

மாற்று வழி தேடாமல் இல்லை. ஃபைப்ரோஸ்கேன் என்ற கருவி விலாவின் மேல் ஒரு தட்டு தட்டி, அந்த அதிர்வு ஈரலுக்குள் எவ்வளவு வேகமாக ஓடுகிறது என்று பார்த்து விறைப்பை அளக்கிறது. கத்தியும் இல்லை, ரத்தமும் இல்லை. வயது, இரண்டு ஈரல் நொதிகள், தட்டணுக்கள் ஆகிய நான்கை வைத்துப் போடும் ஃபிப்-4 என்ற கணக்கும் இருக்கிறது. யாருக்கு ஆபத்து அதிகம் என்று வடிகட்ட இவை நன்றாகவே உதவும். ஒரு மருந்து தழும்பைக் குறைத்ததா என்ற தீர்ப்பை இவற்றை மட்டும் நம்பி விட்டுவிடலாமா என்பதில்தான் இழுபறி.

வெற்று மாத்திரையும் குணமும்

ஊசி இடம் மாறுவதால் மட்டும் வெற்று மாத்திரைக்காரர்கள் 'குணமாவதில்லை'. சோதனையில் சேரும் ஒருவர் மூன்று மாதத்துக்கு ஒரு தடவை எடை பார்ப்பார், டாக்டரைப் பார்ப்பார், ரத்தம் கொடுப்பார். 'உனக்கு ஈரலில் தழும்பு இருக்கிறது' என்று ஒரு தடவை கேட்டாலே சிலர் மறுநாள் காலை வ.உ.சி. மைதானத்தில் நடக்க ஆரம்பித்துவிடுவார்கள். பரோட்டா குறையும், கறிக்குழம்பில் மிதக்கும் எண்ணெயை வழித்து ஊற்றுவார்கள். குடிக்கிறவர் என்றால் இன்னும் மோசம், அதாவது இன்னும் நல்லது: குடியை நிறுத்தினாலே ஈரல் ஓரளவு மீள ஆரம்பித்துவிடும். அந்தப் புண்ணியம் மாத்திரைக்கா, மனுஷனுக்கா என்று பிரிப்பது சோதனை நடத்துபவர் தலைவலி.

எண்ணில் பாருங்கள். கொழுப்பு ஈரல் அழற்சிக்கென்று அமெரிக்காவில் முதன்முதலாக 2024 மார்ச்சில் அனுமதி பெற்ற மருந்து ரெஸ்மெடிரோம். 966 பேர், 52 வாரம் கழித்துப் பயாப்சி. தழும்பு ஒரு படியாவது குறைந்தவர்கள் மருந்தின் இரண்டு அளவுகளில் 24.2, 25.9 சதவீதம். வெற்று மாத்திரையில் 14.2 சதவீதம். அடுத்து 2025 ஆகஸ்டில் அனுமதி கிடைத்தது செமாகுளூடைடுக்கு, எடை குறைக்கும் ஊசியாகப் பேர் வாங்கிய அதே மருந்து. 800 பேர், 72 வாரம். மருந்துப் பக்கம் 36.8 சதவீதம், வெற்று ஊசிப் பக்கம் 22.4 சதவீதம்.

இரண்டும் ஜெயித்த மருந்துகள். அப்படியிருந்தும் பாருங்கள், வெறும் ஊசி போட்டவர்களில் ஐந்தில் ஒருவருக்கு மேல் தழும்பு குறைந்திருக்கிறது! மருந்தின் உண்மையான பங்கு இரண்டு எண்களுக்கும் நடுவில் உள்ள இடைவெளி மட்டும்தான்: ஒன்றில் 10, 12, இன்னொன்றில் 14. 'இந்த மருந்தை எடுத்துக்கொண்ட 37 சதவீதம் பேருக்கு ஈரல் சரியானது' என்று வாட்ஸப்பில் வந்தால், பக்கத்தில் வெற்று ஊசியின் எண்ணைத் தேடுங்கள். அது இல்லாத செய்தி பாதிச் செய்தி.

இன்னொன்றும் உண்டு. இரண்டு மருந்துக்கும் கிடைத்தது துரித அனுமதி. பதிலி நன்றாக இருக்கிறது, அதனால் இப்போதைக்குக் கொடுக்கலாம், விபரீதம் குறைகிறதா என்று சோதனையைத் தொடர்ந்து நடத்திக் காட்டு என்று பொருள். ரெஸ்மெடிரோம் சோதனை 54 மாதம் வரை, செமாகுளூடைடு சோதனை 240 வாரம் வரை என்று திட்டமிடப்பட்டவை.

எண் இறங்கியது, நோய்?

பதிலியை நம்பி ஏமாந்த கதைகளும் உண்டு. எனக்கு வகுப்பில் ரொம்பப் பிடித்தது இந்தப் பகுதிதான்.

ஹெபடைடிஸ் சி கிருமிக்குச் சரியான மருந்து வராத காலம் அது. இன்டர்ஃபெரான் ஊசி போட்டும் கிருமி போகாதவர்களுக்கு, அதையே குறைந்த அளவில் வருடக்கணக்காகப் போட்டுக்கொண்டிருந்தால் சரிவைத் தள்ளிப்போடலாம் என்று பெரிய டாக்டர்கள் நம்பினார்கள். நம்பக் காரணமும் இருந்தது. 1,050 பேரைச் சேர்த்து மூன்றரை வருடம் பார்த்து 2008-இல் முடிவை வெளியிட்டார்கள். ஊசி போட்டவர்களுக்குக் கிருமி எண்ணிக்கை குறைந்தது, ஈரல் நொதி குறைந்தது, பயாப்சியில் அழற்சி குறைந்தது. எல்.எஃப்.டி. என்ற ஈரல் ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டைப் பார்த்தால் யாருக்கும் மனசு குளிரும். ஆனால் விபரீதம் நடந்தவர்கள் ஊசிப் பக்கம் 34.1 சதவீதம், ஊசி போடாத பக்கம் 33.8. மூன்றரை வருடம் ஊசி குத்தி, காய்ச்சலும் சோர்வும் பட்டு, கடைசியில் ஒரு நயா பைசா வித்தியாசம் இல்லை. எண்கள் இறங்கின, நோய் தன் பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது.

இன்னொரு கதை பிபிசி என்ற நோய். ரேடியோ இல்லை. ஈரலுக்குள் இருக்கும் நுண்ணிய பித்தக் குழாய்களை உடம்பின் காவல் படையே தாக்கும் நோய். பத்தில் ஒன்பது பேர் பெண்கள், பெரும்பாலும் நடுத்தர வயது. உடம்பெல்லாம் நமைச்சல், ஓயாத அசதி. இதற்கு ஒபெடிகோலிக் அமிலம் என்ற மருந்து 2016-இல் அமெரிக்காவில் துரித அனுமதி பெற்றது. பதிலி, ரத்தத்தில் உள்ள அல்கலைன் பாஸ்படேஸ் என்ற நொதியின் அளவு. சரி, அனுமதி கிடைத்துவிட்டது, இனி விபரீதம் குறைகிறதா என்று நிரூபிக்க வேண்டும். 334 பேரோடு சோதனை நடந்தது. இங்கேதான் முடிச்சு. மருந்து கடையில் கிடைக்கும்போது, எது என்று தெரியாத மாத்திரையை எத்தனை வருடம் விழுங்கிக்கொண்டிருப்பார்கள்? பலர் சோதனையை விட்டுவிட்டுக் கடை மருந்துக்குப் போனார்கள். வெற்று மாத்திரைப் பக்கமே மருந்து சாப்பிட ஆரம்பித்துவிட்டால் எதை எதோடு ஒப்பிடுவது? போதாததற்கு இந்த மருந்து நமைச்சலைக் கூட்டும். அதிகமாக நமைத்தால் நமக்கு நிஜ மாத்திரைதான் என்று ஊகித்துவிடலாம், மறைத்து வைத்த சீட்டு வெளியே தெரிந்த மாதிரி. சோதனை பலனைக் காட்டவில்லை. இதற்கிடையில் முற்றிய சிரோசிஸ்காரர்களுக்கு இந்த மருந்தே ஈரலைக் கெடுக்கலாம் என்ற எச்சரிக்கையும் வந்தது. 2024-இல் ஐரோப்பிய மருந்து முகமை உரிமத்தை ரத்துசெய்யச் சொன்னது, 2025-இல் அமெரிக்கச் சந்தையிலிருந்தும் மருந்து விலக்கப்பட்டது.

மருந்து தோற்றதா, சோதனை தோற்றதா? இன்றும் நிபுணர்கள் இதில் இரண்டு கட்சி. என் ஓட்டு: இரண்டையும் பிரித்துப் பார்க்க முடியாதபடி ஒரு சோதனை ஆகிவிட்டதே, அதுதான் தோல்வி. துரித அனுமதி என்பது பின்னால் நடக்க வேண்டிய பரீட்சையின் கேள்வித்தாளையே கிழித்துவிடலாம்.

ஜெயித்த கதை ஒன்றும் சொல்லிவிடுகிறேன். ஹெபடைடிஸ் பி-க்கு லாமிவுடின் என்ற மாத்திரையை, ஏற்கனவே தழும்பு முற்றிய அல்லது சிரோசிஸ் வந்த 651 பேரிடம், ஏறக்குறைய எல்லோரும் ஆசியர்கள், சோதித்து 2004-இல் வெளியிட்டார்கள். நோய் முற்றியவர்கள் மருந்துப் பக்கம் 7.8 சதவீதம், வெற்று மாத்திரைப் பக்கம் 17.7. வித்தியாசம் அவ்வளவு தெளிவாக இருந்ததால் ஐந்து வருடத்துக்குத் திட்டமிட்டதை மூன்று வருடத்துக்குள்ளேயே நிறுத்திவிட்டார்கள். இங்கே இரண்டு அனுகூலம். மருந்து நோயின் வேரையே, அதாவது கிருமியையே, அடித்தது. சேர்த்த ஆட்களும் கரையோரம் நின்றவர்கள், விபரீதம் எட்டும் தூரத்தில் இருந்தவர்கள்.

அப்படியானால் எப்போதும் முற்றியவர்களையே சேர்க்கலாமே? சேர்த்தும் பார்த்தார்கள். கொழுப்பு ஈரலால் தழும்பு முற்றியவர்களிடமும் சிரோசிஸ் வந்தவர்களிடமும் செலோன்செர்டிப் என்ற மருந்தை 48 வாரம் சோதித்தார்கள். 2019-இல் இரண்டு சோதனையும் தோற்றன. இறுகிப்போன தழும்பு ஒரு வருடத்தில் இளகுமா? சீக்கிரம் சேர்த்தால் எதுவும் நடக்காது, தாமதமாகச் சேர்த்தால் எதுவும் செய்ய முடியாது. நடுவில் இருக்கும் அந்தக் குறுகிய பருவத்தில் உள்ளவர்களுக்கோ நோய் இருப்பதே தெரியாது. பலரைச் சலித்து, ஊசி குத்திப் பார்த்துத்தான் ஒருவரைத் தேற்ற வேண்டும்.

கீழாநெல்லி

நெல்லைச் சீமையில் ஈரலைப் பற்றிப் பேசிவிட்டுக் கீழாநெல்லியைச் சொல்லாமல் போனால் அடி விழும். "அதான் கீழாநெல்லி இருக்குல்லா?" என்று அண்ணாச்சியும் கேட்டுவிட்டார்.

மஞ்சள் காமாலைக்குக் கீழாநெல்லியை அரைத்து மோரில் கலக்கிக் கொடுப்பார்கள், மூன்று வாரத்தில் கண் வெளுக்கும். நானும் சின்ன வயதில் குடித்திருக்கிறேன். ஆனால் தண்ணீர் வழியாக வரும் ஹெபடைடிஸ் ஏ காமாலை, பெரும்பாலானவர்களுக்குச் சில வாரங்களில் தானாகவே இறங்கிவிடும். மோர் குடித்தாலும் இறங்கும், குடிக்காவிட்டாலும் இறங்கும். ஊர்ச் சோதனையில் வெற்று மாத்திரைப் பக்கம் இல்லை, அதனால் பேர் முழுக்கக் கீழாநெல்லிக்கு.

உண்மையான சோதனையும் நம் மாநிலத்திலேயே நடந்தது. நாள்பட்ட ஹெபடைடிஸ் பி கிருமி உள்ளவர்களுக்கு 30 நாள் கீழாநெல்லிப் பொடி கொடுத்து, சென்னையில் எஸ்.பி. தியாகராஜன் குழு செய்த ஆய்வு 1988-இல் லான்செட் மருத்துவ இதழில் வந்தது. அந்தக் கிருமியைக் கண்டுபிடித்ததற்காக நோபல் பரிசு பெற்ற புளூம்பெர்க்கும் அதில் ஒருவர். பொடி சாப்பிட்ட 37 பேரில் 22 பேருக்கு ரத்தத்தில் கிருமியின் அடையாளம் மறைந்தது. வெற்றுப் பொடியில் 23 பேரில் ஒருவருக்கு. உலகமே திரும்பிப் பார்த்தது. அப்புறம் வேறு நாடுகளில் செய்த ஆய்வுகளில் அந்தப் பலன் மறுபடி கிடைக்கவில்லை. செடியின் இனம், பறித்த இடம், ஆட்களின் நிலை என்று பல காரணம் பேசப்பட்டது. எனக்குப் படுவது எளிமையானது: அறுபது பேர், முப்பது நாள், ஒரு பதிலி. இருபது முப்பது வருடம் நகரும் நோய்க்கு அது ரொம்பச் சின்ன ஜன்னல். அந்தக் குழு வெற்றுப் பொடி வைத்து ஒப்பிட்டது என்பதற்காகவே அவர்கள் மேல் எனக்கு மரியாதை உண்டு. கீழாநெல்லி விற்கும் விளம்பரங்கள் எதுவும் அதைச் செய்வதில்லை.

ஐந்து வருடம் யார் வருவார்?

மிச்சமிருப்பது ஆட்கள். இந்தியாவில் மருந்துச் சோதனை நடத்துபவர் அதைக் கிளினிக்கல் டிரையல்ஸ் ரெஜிஸ்ட்ரி என்ற அரசுப் பதிவேட்டில் பதிவு செய்ய வேண்டும். 2007-இல் தொடங்கியது, 2009-இலிருந்து கட்டாயம். எந்த ஊரில் என்ன சோதனை நடக்கிறது என்று யார் வேண்டுமானாலும் இணையத்தில் பார்க்கலாம். 2019-இல் வந்த விதிகள்படி, சேருபவருக்குப் புரியும் மொழியில் விளக்கி ஒப்புதல் வாங்க வேண்டும், சோதனையால் உடம்புக்குக் கேடு வந்தால் இழப்பீடு தர வேண்டும், எப்போது வேண்டுமானாலும் காரணம் சொல்லாமல் விலகிக்கொள்ளலாம்.

விலகும் உரிமை அவசியமானது. சோதனையை நொண்டியாக்குவதும் அதுவேதான். நோய் கண்ணுக்குத் தெரியாது, வலிக்காது. முதல் வருடம் உற்சாகமாக வருவார்கள். இரண்டாம் வருடம் பெண்ணுக்குக் கல்யாணம், மூன்றாம் வருடம் பையனோடு துபாய்க்கோ சென்னைக்கோ போய்விடுவார்கள். விலகுகிறவர்கள் கண்டபடி விலகினாலாவது பரவாயில்லை. உடம்பு ஒத்துக்கொள்ளாதவர்கள் மருந்துப் பக்கத்திலிருந்து மட்டும் விலகினால் மிச்சமிருக்கும் கணக்கே கோணிவிடும்.

இதையெல்லாம் கேட்டுவிட்டு, "எனக்கு இப்படி ஒரு சோதனைல சேரச் சொல்லி வந்தா என்ன சார் செய்யணும்?" என்றார் அண்ணாச்சி. கிரேடு 1-க்கு யாரும் கூப்பிட மாட்டார்கள் என்றேன். கூப்பிட்டால் என்ன கேட்பார்கள் என்றும் சொன்னேன்: மூன்று மாதத்துக்கு ஒரு தடவை பெரிய ஆஸ்பத்திரி உள்ள ஊருக்குப் போக வேண்டும், தொடக்கத்தில் ஒரு பயாப்சி, ஒன்றரை வருடத்தில் இன்னொன்று, அதற்குப் பிறகும் தேவைப்படலாம், சாப்பிடுவது நிஜ மாத்திரையா இல்லையா என்று கடைசி வரை தெரியாது.

அவர் கல்லாவில் கிடந்த கால்குலேட்டரை எடுத்தார். வருடத்துக்கு நாலு தடவை, ஐந்து வருடம், மொத்தம் இருபது நாள். மதுரைக்குப் போய்வர ஒரு முழு நாள். கடை அடைப்பு, பஸ் காசு, சாப்பாடு. வந்த எண்ணை என்னிடம் காட்டாமல் அழித்தார்.

"மாப்பிள்ளைட்ட கடைய விட்டுட்டுப் போனா," என்று சொல்லி நிறுத்தி, தராசுப் பக்கம் உட்கார்ந்து போன் பார்த்துக்கொண்டிருந்த மாப்பிள்ளையை ஒரு பார்வை பார்த்தார். அதற்குள் பொன்னி ஒரு மூட்டை கேட்டு ஒரு அம்மா வந்தார். அண்ணாச்சி குத்தூசியை எடுத்துக்கொண்டு எழுந்தார்.